திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கான தயாரிப்பு மட்டும்தானா? இளைஞர் குழுவாக அதை எப்படிப் பொருளோடு கடைப்பிடிப்பது?

மட்டும் இல்லை. முதல் ஞாயிறு நற்செய்தியைத் திறந்து பாருங்கள். தீவனத் தொட்டியும் இருக்காது, இடையர்களும் இருக்கமாட்டார்கள். ஆண்டவர் மீண்டும் வருவார், நாள் தெரியாது, விழித்திருங்கள் என்றுதான் இருக்கும். டிசம்பர் 16 வரை வழிபாடு பெரிதும் இந்த இரண்டாம் வருகையையே பார்க்கிறது. பெத்லகேம் பக்கம் நேராகத் திரும்புவது 17 முதல் 24 வரை. முதல் வாரமே குடில் வேலையிலும் பாட்டுப் பயிற்சியிலும் இறங்கிவிடும் குழுவுக்குக் காலத்தின் முன்பாதி கைநழுவிப் போகிறது.

நாள்காட்டியை முதலில் பாருங்கள். நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிறன்று தொடங்கும். ஞாயிறுகள் எப்போதும் நான்கு, நாள்கள் 22 முதல் 28 வரை. 2023-இல் டிசம்பர் 3 தொடக்கம். நான்காம் ஞாயிறே 24-ஆம் தேதி. அப்படிப்பட்ட ஆண்டில் கடைசிக் கூட்டத்தை முந்தைய வார நாளுக்கு மாற்றாவிட்டால் அது நடக்கவே நடக்காது.

கூட்டத்துக்கு 40 நிமிடம் போதும். அந்த ஞாயிறின் நற்செய்தி ஒன்றை மட்டும் எடுத்து, இருவர் மாறி மாறி இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஐந்து நிமிட மௌனம். அடுத்துக் கேட்கும் கேள்வியில்தான் எல்லாம் கெடும். “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?” என்றால் “அன்பு, சமாதானம்” என்று மனப்பாடப் பதில் வரும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுழன்று வரும்; அதில் மூன்றாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு வாசகம் (லூக்கா 3:10-18) நல்ல எடுத்துக்காட்டு. “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று மூன்று கூட்டத்தார் திருமுழுக்கு யோவானைக் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி தண்டுவோர் குறித்த தொகைக்கு மேல் வாங்க வேண்டாம். படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம். யாரையும் வேலையை விட்டுப் பாலைவனத்துக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை! என் படிப்பில், என் வேலையில் அவர் எனக்கு என்ன சொல்வார் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும். வாசிக்கச் சொல்லாதீர்கள், வாசிக்கவேண்டும் என்று தெரிந்தால் கேட்பவர்களுக்காக எழுதுவார்கள். மடித்து அவரவரே வைத்துக்கொள்ளட்டும்.

முதலாம் ஆண்டில் இதே ஞாயிறு, சிறையில் இருக்கும் யோவான் “வரவிருப்பவர் நீர்தாமா?” என்று ஆளனுப்பிக் கேட்கிறார். விசுவாசத்தில் சந்தேகம் உள்ளவர்கள் வாய்திறக்க இதைவிட நல்ல வாரம் கிடையாது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை, புகழ்கிறார்.

ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் திருவருகைக் கால மெழுகுதிரி வளையத்தில் ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. பலர் நான்காவதாக ஏற்றிவிடுகிறார்கள். முதல் மெழுகுதிரி நான்கு வாரமும் எரிவதால் கடைசியில் நான்கும் படிக்கட்டு போல நிற்கும். அது சரிதான், புதிதாக மாற்ற வேண்டாம். பச்சை இலைகள் மூன்றாம் வாரத்தில் சருகாகிவிடும், எளிதில் தீப்பற்றும். அவற்றை மாற்றுங்கள், திரிகளை உலோகக் கிண்ணத்தில் நிறுத்துங்கள். 1839-இல் ஹாம்பர்க்கில் யோஹான் விஹர்ன் என்ற லூத்தரன் போதகர் தம் இல்லத்துப் பிள்ளைகள் நாளெண்ணுவதற்காக வண்டிச்சக்கரத்தில் மெழுகுதிரி வைத்ததிலிருந்து வந்த வழக்கம் இது. ஆகவே மொத்தத்தையும் முதல் நாளே ஏற்றினால் அதற்கு வேலையே இல்லை.

இன்னொரு குழப்பம்: இது இன்னொரு தவக்காலம் அல்ல. திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை, ஆனால் தவக்காலத்தில் விடப்படும் அல்லேலூயா இங்கே உண்டு.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் ஏழு முன்மொழிகள் (வரவிருப்பவரை நாளுக்கு ஒரு பெயரால் அழைக்கும் சிறு வேண்டல்கள்) வரும்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, அரசே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஆகாது. கூட்டம் கூட முடியாத அந்த வாரத்தில் தினம் ஒன்றாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாலே போதும்.