அடைப்பா, உடைப்பா? வாடகை வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கு யார் பொறுப்பு?

கேள்வி: சென்னையில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீடு தெருவைவிட இரண்டு படி தாழ்ந்துவிட்டது. இரண்டு மாதமாகக் குளியலறைத் தரையில் கழிவுநீர் ஊறுகிறது. பிளம்பர் தரையைப் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே பழைய களிமண் குழாய் இணைப்பில் பிளந்து கிடக்கிறது. மாற்றுவதற்கு 22,000 ரூபாய் கேட்கிறார். வீட்டு உரிமையாளரோ, "அடைப்பெடுப்பது குடியிருப்பவர் வேலை, ஆளை விட்டுத் தொட்டியில் இறக்கிச் சுத்தம் செய்யுங்கள்" என்கிறார். வாடகையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கழிவுநீரை மிதித்துக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்கும் நடக்கும் குடும்பத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாடகை பாக்கி விழுந்தால், உங்களைக் காலி செய்யச் சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், தன் இரண்டாம் அட்டவணையில் பழுதுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கழிவுநீர் வழியைச் சுத்தம் செய்வது, வாஷர் மாற்றுவது போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. குழாய்களை மாற்றுவதும், வாடகைதாரரால் சேதமாகாத கட்டுமானப் பழுதுகளைச் சரிசெய்வதும் உரிமையாளர் பொறுப்பு. அடைப்பு என்றால் உங்கள் செலவு, உடைப்பு என்றால் அவர் செலவு.

உடைப்புதான் என்பதற்கான சாட்சி இப்போது உங்கள் குளியலறையில் திறந்து கிடக்கிறது. சிமென்ட் பூசிவிட்டால் அதுவும் மண்ணுக்குள் போய்விடும். ஆகவே இன்றே படம் எடுங்கள். இணைப்பில் பழைய பூச்சு உதிர்ந்திருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். வெட்டி எடுக்கும் குழாய்த் துண்டை ஒரு சாக்கில் கட்டிப் பத்திரமாக வையுங்கள். "அடைப்பு இல்லை, குழாய் உடைந்துள்ளது" என்று பிளம்பரிடம் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து, படங்களையும் மதிப்பீட்டையும் இணைத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் நிற்காது. அதன் பிறகும் அவர் அசையவில்லை என்றால் நீங்களே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108(எஃப்) பிரிவே அந்த உரிமையைத் தருகிறது. ஒரே மாதத்தில் மொத்தத்தையும் பிடிக்காமல் சில மாதங்களுக்குப் பிரித்துக் கழியுங்கள். ஒவ்வொரு முறையும் கணக்கை எழுதி அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தம், புதிய வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பின்னால் வழக்கில் இடறும்.

கடைசியாக, தொட்டியில் ஆளை இறக்கச் சொன்னாரே, அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவர்களின் குடும்பங்கள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. பாதுகாப்புக் கருவிகள் இன்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஒருவரை இறக்குவது மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளைக் கூட்டி வந்தது நீங்கள் என்றால் வழக்கு உங்கள் மீதுதான் வரும். தெருக் குழாயிலும் அடைப்பு இருக்கும் என்று தோன்றினால், 1916 என்ற எண்ணில் சென்னைக் குடிநீர் வாரியத்திடம் புகார் செய்யுங்கள்.