பந்தல் போடும் முன் கொடியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – தோட்டத்து அக்கா பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பந்தல் பற்றியவைதான். மழைக்கு முன் போட்டு முடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது, நல்லது. ஆனால் பலரும் முதலில் தடியைத் தேடுகிறார்கள், கொடியை அப்புறம் யோசிக்கிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். பாகல் ஏறுகிற பந்தல் வேறு, சவ்சவ் ஏறுகிற பந்தல் வேறு.

அக்கா, எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் பத்தடிக்கு எட்டடி இடம் இருக்கிறது. போன வருடம் மூங்கில் பந்தல் போட்டு சவ்சவ் ஏற்றிவிட்டோம். காய் நன்றாகப் பிடித்திருந்த நேரம் ஜூன் மழையில் ஒரே இரவில் சாய்ந்துவிட்டது. விழாமல் போடுவது எப்படி? பெரிய செலவு செய்ய முடியாது.
– வாசகி, பொகவந்தலாவை

தங்கச்சி, விழுந்த மூங்கிலில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் உடைந்திருக்காது, மண் மட்டத்தில்தான் உளுத்து உடைந்திருக்கும். மண்ணுக்கு ஆழத்தில் காற்றுக் குறைவு, மேலே வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடுகிறது, இரண்டுக்கும் நடுவே அந்த நாலு விரல் உயரத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தே இருப்பதால் பூஞ்சைக்கு அதுதான் வசதியான இடம். உங்கள் பக்கத்து மழைக்கு மருந்து போடாத மூங்கில் மண்ணுக்குள் இரண்டு வருடம் நின்றாலே அதிகம்.

அதனால் மூங்கிலை மண்ணில் நடவே வேண்டாம். கால் வரும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, உள்ளே கருங்கல் துண்டுகளை அடுக்கி, இடைவெளியில் கொங்கிறீட் ஊற்றுங்கள். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி நாலு என்ற கலவை போதும். கல் பாதி இடத்தை அடைத்துவிடுவதால் சீமெந்து மிச்சம். ஊற்றும்போதே 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியில் மூன்றடித் துண்டொன்றை நடுவில் நிறுத்தி, பாதி மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுங்கள். கொங்கிறீட்டின் தலை மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் எழும்பி, தண்ணீர் வெளியே வழிகிற மாதிரிச் சரிவாக இருக்க வேண்டும். நடுவில் பள்ளமாக விட்டால் அங்கே தண்ணீர் தேங்கி, பழைய கதைதான். நன்றாக இறுகியதும் மூங்கிலின் அடியில் உள்ள கணுத்தடுப்புகளை அலவாங்கு (கடப்பாரை) நுனியால் குத்தி உடைத்துவிட்டுக் கம்பி மேல் இறக்குங்கள். பக்கத்தில் ஒரு துளை போட்டு அந்த வழியாகக் கொஞ்சம் சாந்து ஊற்றினால் காலும் கம்பியும் ஒன்றாகிவிடும்.

மூங்கில் வெட்டும்போது மூன்று வருடமாவது முற்றியதைப் பாருங்கள். பாளையெல்லாம் உதிர்ந்து, பச்சை மங்கி, மேலே சாம்பல் நிறத் திட்டுகள் படிந்திருக்கும். இளசில் மாவுச்சத்து கூட, வண்டு துளைத்து மஞ்சள் தூளாகக் கொட்டிவிடும். இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: காலின் மேல் முனையைக் கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். கணுவுக்கு வெகு மேலே வெட்டினால் அந்தக் குழல் மழைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிட அது போதும். வீட்டுக்குப் பின்னாலேயே பந்தல், பிள்ளைகள் விளையாடுகிற இடம் வேறு. ஏற்கெனவே நிற்கிற மூங்கில் வேலிகளிலும் இதைப் பார்த்து, வாயை மண் போட்டோ சாந்து பூசியோ அடைத்துவிடுங்கள்.

பத்தடிக்கு எட்டடிக்கு நாலு மூலைக்கால் போதாது, நடுவில் ஒன்று வேண்டும். சவ்சவ் காய் ஒன்று கால் கிலோ என்று வைத்தாலும் நாற்பது காய்க்குப் பத்துக் கிலோ. அதைவிடப் பெரிய பாரம் நனைந்த இலை, அதற்கும் மேலே காற்று. பந்தல் நிறைய இலை என்றால் பாய்மரம் கட்டின மாதிரித்தான். அதனால் மூலைக்கு மூலை சாய்வாக முட்டுக் கொடுங்கள், மூலைக்கால்களிலிருந்து வெளிப்பக்கமாகக் கம்பி இழுத்துத் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். மூங்கிலில் நேராக ஆணி அடித்தால் பிளக்கும். முட்டுக்குத் துளையிட்டுக் கட்டுக்கம்பி போட்டு முறுக்குங்கள். தும்புக் கயிறு நம் மழைக்கு நிற்காது, நைலோன் வெயிலில் நொறுங்கும். மேல்தட்டுக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியை ஒரு அடிக்கு ஒரு வரிசை என்று குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் போதும். தென்மேற்குப் பருவ மழை மே மாதம் பிடிக்கும், ஏப்ரல் முடிவதற்குள் எல்லாக் கட்டையும் ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கொழுந்தைக் கிள்ள மனம் வர வேண்டும். சவ்சவ் கொழுந்துச் சுண்டல் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரம் ஒரு தடவை கிள்ளினால் கறிக்கும் ஆச்சு, பந்தலில் பாரமும் குறையும்.

வாசல் கேட்டுக்கு மேலே பூக்கொடி ஏறுகிற வளைவு ஒன்று வைக்க ஆசை. வீட்டுக்காரர் இரும்பு என்கிறார், எனக்கு மூங்கில்தான் அழகு. ரோஜா ஏற்றலாமா, போகன்வில்லாவா?
– வாசகி, பண்டாரவளை

வீட்டுக்காரர் சொல்வது சரி. வளைவு ஒல்லியாக உயர்ந்து நிற்பது, அதற்கு நடுக்கால் வைக்க வழியில்லை. உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் அடிக்கிற கச்சான் காற்றை அது தனியாகத் தாங்க வேண்டும். முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயில் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) கால், முறுக்குக் கம்பியில் வளைவு, இரண்டையும் ஒட்டுக்காரரிடம் கொடுத்தால் ஒரு நாள் வேலை. ஏழடி உயரம் குறையாமல் வையுங்கள், கொடி தொங்கும்போது ஒரு அடி போய்விடும், தலையில் கொழுந்துச் சாக்கோ விறகோ வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இடிக்கக் கூடாது. வளைவின் முன்பின் அகலம் இரண்டு அடியாவது இருக்கட்டும். ஒற்றைக் கம்பி வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் முன்பின் ஆடும். மூங்கில் ஆசையை விட வேண்டாம், இரும்புக்கு மேலே மூங்கில் சிம்புகளைக் கட்டிவிடுங்கள், பாரம் இரும்பில், அழகு மூங்கிலில்.

போகன்வில்லா வாசலுக்கு வேண்டாம். முள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு வரும், வருடம் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலப்பூ தன்பெர்ஜியாவும் அப்படித்தான், பார்க்க அருமை, ஆனால் பாரம் அதிகம், அதற்குப் பெரிய பந்தல் வேண்டும். பிச்சி வையுங்கள், வாசமும் வரும், அடங்கியும் நிற்கும்.

ரோஜாதான் வேண்டும் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொடி ரோஜா தானாக ஏறாது. அதற்குப் பற்றுக்கம்பியும் இல்லை, சுற்றும் பழக்கமும் இல்லை, நாம்தான் கட்ட வேண்டும். நீளத் தண்டை நேரே மேலே விட்டால் உச்சியில் மட்டும் பூக்கும். அதையே வளைத்துப் படுக்கை வாட்டில் கட்டினால் தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு துளிர் வந்து பூக்கும், ஏனென்றால் நுனி மொட்டு மற்ற மொட்டுகளை அடக்கி வைத்திருந்த பிடி அப்போது தளர்கிறது. கட்டுவதற்குக் கம்பி கூடாது, பழைய சேலைக் கிழிசல்தான் நல்லது. கம்பத்தை ஒரு சுற்று, நடுவில் குறுக்கே மாற்றி, தண்டை ஒரு சுற்று என்று எட்டு போலக் கட்டினால் தண்டு கம்பத்தில் உராயாது.

அக்கா, லயத்துக்குப் பின்னால் மேடு. அதைக் கொஞ்சம் வெட்டிச் சமப்படுத்தினால் பெரிய பந்தல் போடலாம் என்று தம்பி சொல்கிறான். வெட்டலாமா?
– வாசகர், ஹப்புத்தளை

வெட்ட வேண்டாம். இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். மேட்டின் அடிவாரம்தான் மேலே உள்ள மண் முழுவதையும் தாங்கி நிற்கிறது, அதை வெட்டிவிட்டு மழையில் மண் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பந்தலுக்காக அந்த ஆபத்தின் பக்கம் போகவே கூடாது.

சமதரை இல்லாமலே பந்தல் போடலாம். மேட்டுப் பக்கம் நாலடிக் கால், பள்ளப் பக்கம் எட்டடிக் கால், மேல்தட்டு மட்டமாக வரும். இன்னும் நல்லது, தட்டையும் சரிவோடு சரிவாகப் படியாக இறக்குங்கள், எல்லாப் படிக்கும் வெயில் கிடைக்கும், காய் பறிக்கவும் எட்டும். கால்குழி மட்டும் எடுத்தால் போதும். மேட்டுக்கு மேலே ஓடுகிற கானை மூடிவிடாதீர்கள், குழி மண்ணை அதற்குள் போடாதீர்கள், மழைத் தண்ணீர் மேட்டுக்குள் இறங்காமல் கான் வழியாகவே போகட்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இதில் எதைக் கண்டாலும் பந்தலை விடுங்கள், அங்கிருந்து விலகிக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் மண்சரிவை ஆராய்ந்து எச்சரிக்கை தருகிறது, வானொலியில் அந்த எச்சரிக்கை வந்தால் தாமதிக்க வேண்டாம்.

கொடித்தோடை (பாஷன் பழம்) பந்தல் நிறையப் பரவி, பூவும் கொட்டிக் கிடக்கிறது. காய்தான் இல்லை. ஒரு கொடிதான் வைத்திருக்கிறோம், மஞ்சள் பழ இனம்.
– வாசகர், கினிகத்தேனை

ஒரு கொடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மஞ்சள் இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. அதே கொடியின் கிளையை வெட்டி நட்டாலும் பலன் இல்லை, வேறு வீட்டிலிருந்து, வேறு பழத்து விதையில் வந்த கன்று வேண்டும். ஊதா இனத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு, உயரமான, குளிர்ந்த இடங்களுக்கு அதுதான் ஏற்றது. மஞ்சள் பூ மதியத்தை ஒட்டி விரியும், காலையில் போய்ப் பார்த்துவிட்டு மொட்டுத்தான் என்று திரும்ப வேண்டாம். இரண்டாவது கொடி பூக்கும் வரை பக்கத்து வீட்டுக் கொடியில் விரிந்த பூ ஒன்றைப் பறித்துவந்து, அதன் மகரந்தத்தை உங்கள் பூவின் மூன்று சூல்முடியிலும் தடவுங்கள். பந்தல் தடியில் ஓட்டை போடுகிற பெரிய கருவண்டை விரட்டாதீர்கள், இந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது அதுதான். அதற்கென்று பட்டுப்போன மரத்துண்டு ஒன்றைப் பந்தல் ஓரம் கட்டிவிட்டால் உங்கள் கால்களும் தப்பும். காய்ப்பு முடிந்ததும் கவ்வாத்துப் பண்ணுங்கள், பூ புதுத் துளிரில்தான் வரும்.

பந்தல் காலுக்குத் தடி வாங்கக் காசில்லை, கிளிரிசீடியா மரக் கம்பை நடலாமா?
– வாசகி, கம்பளை

தாராளமாக. மாத்தளைப் பக்கம் மிளகுக் கொடி அதில்தானே ஏறுகிறது. ஆறடிக் கம்பாக, மழை தொடங்கும்போது நடுங்கள், வேர் பிடித்து உறுதியாகும் வரை பாரம் ஏற்றக் கூடாது, முதல் வருடம் பீர்க்கு, பாகல் போன்றவற்றோடு நிறுத்துங்கள். தழையை வெட்டி அடியிலேயே போட்டால் அதுதான் பசளை. நுவரெலியா உயரத்தில் இது சரியாக வராது, கம்பளைக்குப் பிரச்சினை இல்லை.

தடி உளுக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறார்களே?
– வாசகர், தலவாக்கலை

வேண்டாம். அந்த ஒயிலில் எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகமும் எரிந்த கசடும் கலந்திருக்கிறது, மழையில் கழுவிக்கொண்டு நீங்கள் சாப்பிடுகிற செடியின் மண்ணுக்குப் போகும். மேலே பொகவந்தலாவைத் தங்கச்சிக்குச் சொன்ன கொங்கிறீட் கால்தான் உங்களுக்கும். ஏற்கெனவே பூசிவிட்டீர்கள் என்றால் அந்தக் காலைச் சுற்றிக் கீரையோ கிழங்கோ நட வேண்டாம், பந்தலில் இந்த வருடம் பூக்கொடி ஏற்றுங்கள், கால் மாற்றும்போது அதைச் சுற்றியுள்ள மண்ணையும் அள்ளி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள்.