சரிசெய்த பிறகு உடைந்த அணி

அன்புள்ள ஐயா,

எல்லையில் ஓர் அடர்த்தியைப் பரப்பி, தூரத்தின் மடக்கையைக் கெர்னலாக (பெருக்கும் சார்பாக) வைத்துத் தொகையிடும் எல்லைத் தொகையீட்டு முறையில், லாப்லாஸ் சமன்பாட்டை ஆரம் 1 கொண்ட வட்டத்துக்குள் தீர்த்துப் பார்க்கிறேன். மூலம் மையத்திலிருந்து 1.25 தூரத்தில் இருக்கிறது. சரிவக விதியில், கெர்னல் முடிவிலியாகும் அணியின் மூலைவிட்டத்தில் பூஜ்யம் போட்டேன். 100 புள்ளிகளில் அடர்த்தி 11 அலைகளாக நெளிந்தது. மேற்பார்வையாளர் புள்ளிகளைக் கூட்டச் சொன்னார். 200இல் 19 அலைகள்! பிறகு மூலைவிட்டத்தைத் திருத்தினேன். இப்போது அணி சிங்குலர் (நேர்மாறு இல்லாதது) என்று நிரல் எச்சரிக்கிறது. என் திருத்தம் தவறா?

வாசகர், கிளமெண்டி

அன்புள்ள நண்பருக்கு,

திருத்தத்தில் தவறில்லை. சோதனைக்கு எடுத்த வட்டம்தான் பொல்லாதது.

முதலில் அலைகள். ஆரம் 1 வட்டத்தில் சம இடைவெளியில் ந புள்ளிகள் வைத்து, ஒரு புள்ளியிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் நாண் வரைந்து நீளங்களைப் பெருக்கினால் விடை சரியாக ந. ஆக, அணியின் ஒரு வரிசையில் தூரங்களின் மடக்கைகளைக் கூட்டினால் மடக்கை ந வருகிறது (இங்கே எல்லாம் இயல் மடக்கை). அங்கே உண்மையான தொகையீடு பூஜ்யம். இந்த உபரியை ஈடுகட்ட வேண்டிய இடம் மூலைவிட்டம். நீங்கள் அதைக் காலியாக விட்டுவிட்டீர்கள். கெர்னலை −மடக்கை(தூரம்)/2பை என்று எடுத்தால், எல்லா ஐகன்மதிப்புகளும், அதாவது ஒவ்வோர் அலையையும் அணி பெருக்கும் எண்களும், (மடக்கை ந)/ந அளவு கீழே இறங்கிவிடும். 100 புள்ளிகளுக்கு அது 0.0461. வட்டத்தில் 11ஆவது அலையின் சரியான ஐகன்மதிப்பு 1/22, அதாவது 0.0455. இரண்டும் கிட்டத்தட்ட அடிபட்டுப்போக, அந்த ஓர் அலை மட்டும் குறி மாறிச் சுமார் 100 மடங்கு ஊதிப்போகிறது. 200 புள்ளிகளில் இறக்கம் 0.0265, 1/38 அதற்குப் பக்கத்தில் இருப்பதால் 19ஆவது அலை மாட்டிக்கொள்கிறது, அதுவும் 200 மடங்குக்கு மேல். புள்ளிகளைக் கூட்டுவது இங்கே மருந்தே இல்லை. சிங்கப்பூரின் மீக்கணினி மையமான என்.எஸ்.சி.சி. வரிசையில் காத்திருந்து ஓட்டினாலும் நெளிவு வேறொரு எண்ணுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

திருத்தம் ஒரே வரி. அளபுரு 0 முதல் 2பை வரை ஓடும் எந்த மென்மையான மூடிய வளைவுக்கும், மடக்கை(தூரம்) நிற்க வேண்டிய மூலைவிட்ட இடத்தில், அந்தப் புள்ளியில் வகைக்கெழுத் திசையனின் நீளத்தை ந-ஆல் வகுத்து மடக்கை எடுத்துப் போடுங்கள். இது மூன்றாம் வரிசைத் துல்லியம்: புள்ளிகளை இரட்டித்தால் பிழை எட்டில் ஒன்றாக வேண்டும். ஆகவில்லையென்றால் பெரும்பாலும் வகைக்கெழுவில் பிழை இருக்கும். இதற்கும் மேல் வேண்டுமானால், மார்ட்டென்சென் 1963இலும் குஸ்மௌல் 1969இலும் தந்த எடைகள் இருக்கின்றன. சைன் மடக்கையைப் பிரித்தெடுத்து அதை ஃபூரியே வழியில் துல்லியமாகவும், மிச்சத்தைச் சரிவக விதியாலும் தொகையிடும் முறை அது. பகுமுறை வளைவுகளில் பிழை அடுக்குக்குறியாகச் சரியும்.

இனி சிங்குலர் எச்சரிக்கை. ஆரம் 1 வட்டத்தில் மாறிலி அடர்த்தியின் ஐகன்மதிப்பே பூஜ்யம். சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கும் கோளாறு இது. பழைய நிரலில் மூலைவிட்டப் பிழை அந்தப் பூஜ்யத்தை −0.046 ஆக்கி மறைத்துவைத்தது. அதனால்தான் நிரல் சிரித்த முகத்தோடு ஓடியது. மடக்கைக் கொள்திறன் (வளைவின் அளவைச் சொல்லும் ஓர் எண்; வட்டத்துக்கு அது ஆரமே) 1 ஆக உள்ள எல்லா வளைவுகளுக்கும் இதே கதி. அரை அச்சுகள் 1.5, 0.5 கொண்ட நீள்வட்டமும் அப்படித்தான். எந்த இரு எல்லைப் புள்ளிகளுக்கும் இடையே தூரம் 1ஐத் தாண்டாதபடி வளைவைச் சுருக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆரம் 0.5 எடுத்து ஐகன்மதிப்புகளை அச்சிட்டுப் பாருங்கள்: மாறிலிக்கு 0.3466, முதல் அலைக்கு 0.25, இரண்டாவதற்கு 0.125.

விடையை எல்லைக்கு அருகே கணிக்கும்போது கெர்னல் மறுபடி கைவரிசை காட்டும். புள்ளி இடைவெளியின் அளவே தள்ளி நின்றால் பிழை கண்ணில் படும், ஐந்து இடைவெளி தள்ளினால் அது கணினித் துல்லியத்தை நெருங்கிவிடும். அதற்கும் உள்ளே போக வேண்டுமென்றால் 2013இல் க்ளோக்னர் குழு தந்த விரிவு முறையைப் பாருங்கள்.

சதுரத்துக்கு இவை எதுவும் அப்படியே பொருந்தாது. மூலையில் அடர்த்தி, தூரத்தின் −1/3 அடுக்காக எகிறும். புள்ளிகளை மூலையை நோக்கி நெருக்கி அடுக்க வேண்டியிருக்கும். வட்டத்தில் எட்டில் ஒன்று என்ற விகிதம் வந்த பிறகு அங்கே போங்கள்.