ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாஷிங்டனில் ஆண்டர்சன் ஹவுஸ் என்ற மாளிகையைச் சுற்றிப் பார்த்தேன். 'சொசைட்டி ஆஃப் தி சின்சினாட்டி' என்ற சங்கத்தின் தலைமையகம் அது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் அதிகாரிகளாக இருந்தவர்களின் வாரிசுகளுக்குத்தான் உறுப்பினர் உரிமையாம். எல்லோரும் சமம் என்று எழுதி வைத்த நாட்டில் இது எப்படி? நம்மூர் சாதிச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இனிமேல் இதற்கு என்ன வேலை?

ஒரு வாசகர், மேரிலாந்து

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்வியை சங்கம் பிறந்த வருடமே கேட்டுவிட்டார்கள். 1783 மே மாதம், போர் ஓய்ந்து படை கலையப்போகிற நேரம். அதிகாரிகளுக்குச் சம்பளப் பாக்கி நிற்கிறது. ஊருக்குப் போனால் யார் நம்மைக் கண்டுகொள்வார்கள் என்ற பயம் வேறு. ஹென்றி நாக்ஸ் என்ற தளபதியின் யோசனைப்படி சங்கம் அமைத்தார்கள். ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் போட்டு, நொடித்துப்போனவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவ நிதி. போர் முடிந்ததும் ஏருக்குத் திரும்பிய ரோமானியத் தளபதி சின்சினாட்டஸின் பெயரை வைத்துக்கொண்டார்கள். படைத்தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தலைவர். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது.

உறுப்பினர் உரிமை மூத்த மகனுக்குப் போகும் என்று ஒரு வரி சேர்த்தார்கள் பாருங்கள், அதில்தான் ஊர் கொதித்தது. ராஜாவை விரட்டிவிட்டுப் பிரபுக்களை உண்டாக்குகிறார்கள் என்று தென் கரோலினா நீதிபதி ஈடனஸ் பர்க் துண்டுப்பிரசுரமே போட்டார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனுக்கும் பிடிக்கவில்லை. 1784இல் வாஷிங்டனே அந்த விதியை எடுத்துவிடச் சொன்னார். மாநிலக் கிளைகள் சில ஒத்துவரவில்லை, விதி அப்படியே நிலைத்துவிட்டது.

எனக்குப் பிடித்த எதிர்ப்பு பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. அதே வருடம் ஜனவரியில், பாரிஸ் பக்கத்திலிருந்து மகளுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப் போடுகிறார். மகனிடம் அப்பாவின் பங்கு பாதி, பேரனிடம் கால், ஒன்பதாவது தலைமுறையில் 512இல் ஒன்று. அந்த ஒரு வாரிசு உருவாக 1,022 ஆண்களும் பெண்களும் வேண்டும். மற்றவர்களை எங்கே போடுவது? பெருமை கொடுப்பதானால் சீனர்களைப் போல மேல்நோக்கிப் பெற்றோருக்குக் கொடுங்கள் என்கிறார். 'இவனைப் பெற என்ன தவம் செய்தார்களோ' என்று நாமும் சொல்கிறோமே, அதுதான். சங்கப் பதக்கத்திலிருந்த கழுகு வான்கோழி மாதிரி இருப்பதாகச் சொன்னதும் இதே கடிதத்தில்தான். அப்புறம் அந்தச் சங்கத்திலேயே கௌரவ உறுப்பினரானார் மனிதர்!

சாதிச் சங்கத்தோடு ஒப்பிடுவது பாதிதான் சரி. சாதிச் சங்கம் இன்று உயிரோடு இருப்பவர்களுக்காகப் பேசுகிறது. வேலை, கல்வி, சீட்டு என்று கேட்கிறது. இவர்கள் எதுவும் கேட்பதில்லை, ஆவணம்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்று காட்டியாக வேண்டும். நம்மூர்ச் சுவரில் 'ஆண்ட பரம்பரை' என்று எழுதுகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

என் மனத்தாங்கல் வேறு. அதிகாரிக்கு இடம் உண்டு, அவனுக்குக் கீழே செருப்பில்லாமல் பனியில் நடந்த சிப்பாய்க்கு இல்லை. 1890இல் பெண்கள் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' சங்கம் இதில் தாராளம்: சிப்பாயின் வழிவந்தவரும் சேரலாம், படைக்குத் தானியம் கொடுத்தவரின் வழிவந்தவரும் சேரலாம்.

இனி என்ன வேலை என்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டில் பல மாநிலக் கிளைகள் ஆளில்லாமல் படுத்துவிட்டன, நூற்றாண்டு முடிவில்தான் எழுந்தன. 1938இல் அந்த மாளிகை சங்கத்தின் கைக்கு வந்தது. இன்று அவர்கள் சொல்லும் நோக்கம் புரட்சியின் வரலாற்றைக் கற்பிப்பது: ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கண்காட்சி, அந்தக் காலத்துக் கடிதங்களும் வரைபடங்களும் கொண்ட நூலகம். வாரிசு விதி இனி மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வம்சாவளி காட்ட வேண்டியதில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் போதும். மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அன்புடன்.