ஸ்பேனருக்கு முன்னால் ஸ்டாண்ட் வாங்குங்கள்

இந்த இதழில், வீட்டிலேயே பழைய காரைப் பார்த்துக்கொள்ளும் வாசகர்களின் கேள்விகள்.

அப்பா ஓட்டிய 1977 மாடல் அம்பாசிடர் வீட்டில் நிற்கிறது. சின்னச் சின்ன வேலைகளை நானே செய்ய ஆசை. பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். நூறு பீஸுக்கு மேல் இருக்கும் டூல் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா ஐயா?
— வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டியில் பெரும்பகுதி உங்கள் வண்டிக்கு ஆகாது. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. உங்கள் வண்டியில் இருக்கும் 1489 சி.சி. இன்ஜினும் அங்கே பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்ததுதான். போல்ட், நட்டு எல்லாம் பெரும்பாலும் இஞ்ச் அளவு. இன்று கடையில் பெட்டியாகக் கிடைப்பதோ மில்லிமீட்டர் செட்.

அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அரை இஞ்ச் நட்டு 12.7 மி.மீ. அதன்மேல் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் உட்காரத்தான் செய்யும். புது நட்டு என்றால் கழன்றும் வந்துவிடும். ஆனால் நாற்பது வருடத் துருவில் இறுகிப்போன நட்டில் அதைப் போட்டு முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள்: ஸ்பேனர் மூலைகளைச் சீவிக்கொண்டு வழுக்கும், நட்டு உருண்டையாகிவிடும். அதன்பிறகு உளியும் சுத்தியலும்தான். வழுக்கிய கை சும்மா நிற்காது, ரேடியேட்டர் விளிம்பிலோ இன்ஜின் பிளாக்கிலோ போய் மோதும். பட்டறைக்காரர்களின் விரல் முட்டியில் இருக்கும் தழும்புகள் பலவும் இப்படி வந்தவைதான். 9/16-க்கு 14 நுழையவே நுழையாது, 15 லொடலொடவென்று ஆடும். 5/8-க்கு 16 போட்டு ஒப்பேற்றலாம். மற்றதற்கெல்லாம் இஞ்ச் ஸ்பேனர்தான்.

7/16, 1/2, 9/16, 5/8, 3/4 — இந்த அளவுகளில் தபாரியா மாதிரி நல்ல கம்பெனியின் ரிங் ஸ்பேனரும் ஓப்பன் ஸ்பேனரும் தனித்தனியாக வாங்குங்கள். இறுகிய நட்டுக்கு முதலில் ரிங் போடுங்கள். அது நட்டைச் சுற்றிப் பிடிக்கும், ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கம்தான் பிடிக்கும். சென்னை வந்தால் புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் ஸ்பேனரின் கழுத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘ஏஎஃப்’ என்று இருந்தால் அந்த எண் வாயின் அகலம். ‘டபிள்யூ’ என்று இருந்தால் அது விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவுக் கணக்கு, அந்த எண் போல்டின் பருமன். 1/4 டபிள்யூ ஸ்பேனரின் வாய் அரை இஞ்சைவிடப் பெரிது. உங்கள் வண்டிக்கு வேண்டியது ஏஎஃப். யாராவது இடையில் இன்ஜினை மாற்றி இசுசு 1800 வைத்திருந்தால் மட்டும் இன்ஜினுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும்.

அப்புறம் ஒரு ஃபீலர் கேஜ், அதாவது நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு. விலை அதிகமில்லை, ஆனால் இந்த வண்டியில் பாதி மக்கர் அதில் சரியாகிவிடும். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயின்ட் (திறந்து மூடும் மின்முனைகள்) இடைவெளி 0.015 இஞ்ச், பிளக் இடைவெளி 0.025 இஞ்ச். பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் தகட்டை நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பாயின்டில் பட்டால் கரியாகிவிடும்.

இவ்வளவுக்கும் உங்கள் பணத்தில் பாதியைத் தாண்டாதீர்கள். மீதி எதற்கு என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் பாருங்கள்.

என் கணவர் ஞாயிற்றுக்கிழமையானால் பத்மினி காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஹாலோ பிளாக் கல்லை அடியில் வைத்துவிட்டு உள்ளே படுத்துக்கொள்கிறார். “வீட்டையே தாங்குகிற கல் இது” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் பயம் நியாயம், அம்மா. இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

சுவரில் அந்தக் கல்லின்மேல் பாரம் பரவலாக, முழுப்பரப்பிலும் இறங்குகிறது. வண்டியின் அடியில் இரும்பு விளிம்பு ஒன்று ஒரே கோட்டில் உட்காருகிறது. உள்ளே வெற்றிடம். ஒரு மூலை விரிசல் விட்டால் அடுத்த நொடியில் கல் தூள். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கிறீச்சென்ற சத்தமோ, சாய்வதற்கான அறிகுறியோ எதுவும் இல்லை. படக்கென்று வண்டி தரையில் இருந்தது. பையன் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். பத்மினி சின்ன வண்டிதான், ஆனாலும் கிட்டத்தட்ட 900 கிலோ. மூச்சை அடைக்க அதில் கால்வாசி போதும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. ஹைட்ராலிக் ஜாக்கியில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் சீல் பழுதானாலும் வண்டி இறங்கிவிடும். தாங்குவதற்கு ஆக்ஸில் ஸ்டாண்ட் என்ற இரும்புத் தாங்கி ஒரு ஜோடி வேண்டும், மூன்று டன் தாங்கக்கூடியது, குறுக்கே இரும்பு ஊசி செருகிப் பூட்டும் வகை.

வேலை முறையைச் சொல்கிறேன். சமமான சிமென்ட் தரை. மண் தரை என்றால் ஸ்டாண்டின் கால்கள் புதையும், கனமான பிளைவுட் துண்டு கீழே வேண்டும். பின்பக்கம் தூக்குகிறார் என்றால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனே என்பார். அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், பின்சக்கரமோ அந்தரத்தில் இருக்கும். ஸ்டாண்டைப் பின் ஆக்ஸில் குழாயின் அடியில், பட்டை ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வைக்கலாம். பத்மினிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாம். துருப்பிடித்த பக்கத் தகட்டில் வைத்தால் ஸ்டாண்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விடும். ஜாக்கியை இறக்கிப் பாரம் முழுவதும் ஸ்டாண்டுக்கு வந்தபின், வெளியே நின்று வண்டியை நன்றாக ஆட்டிப் பார்க்கட்டும். ஆடாமல் நின்றால்தான் தலை உள்ளே போக வேண்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எது கைவிட்டாலும் ஒரு மனிதர் தப்பிக்கும் இடைவெளியை அது தரும்.

கண்ணுக்குப் போடும் கண்ணாடி பற்றியும் கேளுங்கள். படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போது துருவும் காய்ந்த சேறும் நேராகக் கண்ணில்தான் விழும். பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கிறது. பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

ஒரு உதவி: அவர் அடியில் இருக்கும்வரை வீட்டில் யாராவது கூப்பிடும் தூரத்தில் இருங்கள்.

பிரேக் டிரம்மைக் கழற்றினால் கறுப்புத் தூள் கொட்டுகிறது. மெக்கானிக் ஏர் பிடித்து ஊதுவார். நானும் காற்றடிக்கும் மெஷின் வாங்கலாமா?
— வாசகர், விருதுநகர்

காற்றடிக்க மெஷின் வாங்குங்கள், பிரேக்கை ஊத வாங்காதீர்கள். பழைய பிரேக் லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்த இழை கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியேறாது. புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது வருடங்கள்கூட ஆகும். அதனால்தான் ஊதிப் பழகியவர்கள் “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்கிறார்கள்.

ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து, டிரம்மைக் கழற்றும்போதே தூளை நனைத்துவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் காய்வதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். முகத்தில் நன்றாகப் படியும், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் பி-100 வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும், கைக்குட்டை கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது. அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். புது லைனர் வாங்கும்போது அஸ்பெஸ்டாஸ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். கிரீஸ் கன் வாங்கப் போகிறேன். எது நல்லது?
— வாசகர், சென்னை

1961-லிருந்து நம் சென்னையில் தயாரான வண்டி, உங்களைப் போன்றவர்களால் இன்னும் ஓடுகிறது. சந்தோஷம். கையால் அழுத்தும் சாதாரண கிரீஸ் கன் போதும். ஆனால் கூடவே ஓர் ஆயில் கன் கட்டாயம் வாங்குங்கள்.

முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையாகச் செதுக்கப்பட்டு, ஒரு பித்தளைத் துண்டுக்குள் திரும்பும். டிரன்னியன் என்பார்கள். அதற்குக் கம்பெனி சொன்னது இ.பி. 90 கியர் ஆயில். நிப்பிளை (கன்னைப் பொருத்தும் சின்ன முனை) பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் முழுவதும் இறங்காமல் கட்டிதட்டி நிற்கும், தண்ணீர் புகும், உள்ளே தண்டு துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் வளைவிலோ பார்க்கிங்கிலோ தண்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். ஏற்கெனவே கிரீஸ் அடித்திருந்தால் பிரித்துச் சுத்தம் செய்து, மரையில் துரு அரித்த குழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். குழி இருந்தால் தண்டை மாற்றிவிடுங்கள்.

பாகங்களைப் பெட்ரோலில் கழுவலாமா? தீயணைப்பான் அவசியமா?
— வாசகர், நாகர்கோவில்

கழுவக் கூடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து அடுக்களை வரைக்கும் போகும். டீசலில் கழுவுங்கள், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு. தீயணைப்பான் அவசியம்: ஏ.பி.சி. பவுடர் வகை. அதை வண்டிக்குப் பக்கத்தில் மாட்டாமல் வெளியேறும் வாசல் பக்கம் மாட்டுங்கள். கார்புரேட்டரைத் தொடும் முன் பேட்டரியில் பாடியோடு இணைந்திருக்கும் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு வேண்டாம், எல்.இ.டி. லைட் போதும். லுங்கியோடு, துண்டோடு இன்ஜினில் ஓடுகிற ஃபேன் பக்கம் போகாதீர்கள்.