மூன்று கார்புரேட்டர்கள்

கேள்வி: 'மசில் கார்' பேச்சு வந்தாலே போன்டியாக் ஜிடிஓவைச் சொல்கிறார்களே, ஏன்? (வாசகர், ஈரோடு)

பதில்: நடுத்தர காரில் பெரிய, சக்திவாய்ந்த எஞ்சினை வைத்தால் அதுதான் மசில் கார். 1964-இல் அந்த அலைக்குப் பிள்ளையார் சுழி போட்டதே ஜிடிஓதான். நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு என்ன செய்தது தெரியுமா? ஏற்கெனவே இருந்த போன்டியாக் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதி என்று சொல்லி 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை இறக்கிவிட்டது. புது மாடல் இல்லையே, மேலிடத்து அனுமதி எதற்கு! முதல் ஆண்டே 32,450 விற்றன.

எனக்கு உயிர் அதன் 'ட்ரை-பவர்'தான். பானெட்டைத் திறந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்கள் வரிசையாக மூன்று. நிதானமாக ஓட்டினால் நடுவில் உள்ளது மட்டும் வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் மற்ற இரண்டும் திறந்துகொள்ளும், சத்தமே மாறிவிடும். 348 குதிரைத்திறன்! 1966-உடன் அதை நிறுத்தியதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.