வால்பாறையில் அம்மாவை நடக்க வைக்காமலே காட்டைக் காட்டலாம்

"ஜனவரியில் இரண்டு நாள் வால்பாறை போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சஃபாரி போகாமல் விலங்குகளைப் பார்க்க வழி உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக உண்டு. அந்த ஊரின் அமைப்பே அப்படி. 1890-களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் நட்டார்கள். மிஞ்சிய காடு தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக, விலங்குகள் தேயிலைக்குள்ளும் சாலையிலும் இறங்கியே ஆகவேண்டும்.

ஆழியாறிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. அங்கே வண்டியை ஓரங்கட்டுங்கள். காலை வேளையில் பாறைச் சரிவில் வரையாடுகள் மேயும். அம்மா காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

வால்பாறை ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு இது. மரத்தை விட்டு இறங்காமல் வெடிபலாவும் அத்திப்பழமும் தின்று வாழ வேண்டியது, இங்கே சாலையோரம் வந்து காத்திருக்கிறது. காரணம், நாம் நீட்டும் பிஸ்கட்டும் சிப்ஸும். இதனால் வண்டியில் அடிபட்டுச் செத்த குரங்குகள் பல. சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கையில் தீனியோடு நாம் கீழே நின்றால் அது ஏன் பாலத்தில் போகும்? குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியை ஏற்றி வைத்துப் பாருங்கள், போதும்.

இருவாச்சிக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பறக்கும்போது சிறகோசை வெகு தூரம் கேட்கும். ஜனவரியை ஒட்டித்தான் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடத் தொடங்கும். சின்னத் துவாரம் வழியாக ஆண் பழம் ஊட்டும். கூட்டு மரம் கண்ணில் பட்டால் கிட்டே போகவேண்டாம்.

அப்புறம் யானை. பகலில் காட்டுத் துண்டுகளிலோ ஆற்றோரத்திலோ ஒதுங்கியிருந்து, இருட்டியதும் தோட்டங்கள் வழியே நடக்கும். நீங்கள் போகும் மாதத்தில் நடமாட்டம் அதிகம். சில இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கும். அது எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். மாலை 6 மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

தொலைநோக்கி ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். அதை முதலில் அம்மா கையில் கொடுங்கள்.